அழகெல்லாம் தூர் வாரின சேறு: சீஹூ ஏரி பத்தி உங்க கேள்விகள்

போன இதழ்ல சீனாவுல ஹாங்சோங்கிற ஊர்ல இருக்குற சீஹூ ஏரிக்கரையில நானும் எங்க அக்காவும் ஒரு நாள் பூரா உருப்படியா ஒண்ணும் பண்ணாம சுத்துன கதைய அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அரைப் பக்கத்துக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. எடிட்டர் "இந்த வாரம் வேற டாபிக் வேண்டாம், இதையே முடிச்சு விட்டுடுங்க"ன்னுட்டார். அதனால தக்காளி தொக்கு கேட்டவங்க, மாமியார் பிரச்சினை கேட்டவங்க எல்லாம் அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கே: ஒரு ஏரிய பாக்க அவ்ளோ செலவு பண்ணி சீனா வரைக்கும் போகணுமா மேடம்? நம்ம ஊர்ல இல்லாத ஏரியா? (காஞ்சிபுரம் வாசகர்)

ப: போக வேண்டாங்க. நானே ஏரிக்குன்னு போகல, ஷாங்காய்ல இருக்குற சொந்தக்காரப் பொண்ணு வீட்டுக்குத்தான் போனோம், அங்கேர்ந்து புல்லட் ட்ரெயின்ல ஒரு மணி நேரம்தான், அதான் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்னு கிளம்புனோம். "மேல சொர்க்கம், கீழ சூசோவும் ஹாங்சோவும்"னு சீனாக்காரங்ககிட்ட ஒரு பழமொழி இருக்கு. எல்லா ஊர்க்காரனும் அவன் ஊர சொர்க்கம்னுதான் சொல்வான்னு நானும் அலட்சியமாத்தான் போனேன், சாயங்காலம் திரும்பி வர மனசு வரல, கடைசி ட்ரெயினுக்கு முன்னாடி ட்ரெயின விட்டுட்டு கடைசி ட்ரெயின்ல வந்தோம். அவ்ளோதான் சொல்ல முடியும்.

கே: எவ்ளோ பெரிய ஏரி? ஒரே நாள்ல சுத்திட முடியுமா? எங்க ஆரம்பிக்கணும், எங்க முடிக்கணும், கொஞ்சம் டீட்டெயிலா சொல்லுங்க. (கோயம்புத்தூர் வாசகி)

ப: ஏறக்குறைய ஆறரை சதுர கிலோமீட்டர், கரையோரமா சுத்தி வந்தா 15 கிலோமீட்டர் கிட்ட வரும். நடக்க முடியுமான்னா முடியும், ஆனா நீங்க வாக்கிங் போட்டிக்கு போறீங்களா ஏரி பாக்க போறீங்களான்னு முடிவு பண்ணிக்கோங்க. அந்த ஏரிக்கு "பத்துக் காட்சி"ன்னு தெற்கு சுங் ராஜாங்க காலத்துலேர்ந்தே ஒரு லிஸ்ட் இருக்கு, அப்போ ஹாங்சோதான் தலைநகர். பின்னாடி 1699-ல காங்ஷி சக்கரவர்த்தி வந்து அந்தப் பத்துப் பேரையும் தன் கையால எழுதிக் குடுத்து கல்லு வெட்டி வச்சிருக்காங்க. வர்ற டூரிஸ்ட் எல்லாம் அந்தப் பத்துக் கல்லு முன்னாடியும் நின்னு போட்டோ எடுக்கணும்னு ஓட்டமா ஓடுது. அதுல ஒண்ணு "உடைஞ்ச பாலத்துல மிச்சமிருக்கிற பனி", இன்னொண்ணு "அமைதியான ஏரி மேல இலையுதிர் கால நிலா". இத ரெண்டையும் ஒரே நாள்ல எப்படிங்க பாக்குறது, ஒண்ணு பனிக்காலம், ஒண்ணு நிலாக்காலம்! லிஸ்ட்டே சொல்லுது வருஷம் பூரா இங்க வந்துக்கிட்டே இருன்னு, நாம அத ஆறு மணி நேரத்துல முடிக்கப் பாக்குறோம்.

நாங்க போன ரூட்ட சொல்றேன், அதுவே சரின்னு சொல்லல. முதல் நாள் ராத்திரியே போய் தங்கிட்டோம், அதுதான் நான் பண்ண ஒரே புத்திசாலித்தனமான வேலை, ஏன்னா காலையில ஆறரைக்கு அங்க இருக்கணும். ஆறரைக்கு அந்த ஏரி டூரிஸ்ட்டோடது இல்ல, உள்ளூர் தாத்தா பாட்டிங்களோடது. ஒரு பக்கம் தாய் ச்சி, ஒரு பக்கம் ஸ்பீக்கர் வச்சு டான்ஸ், ஒருத்தர் மரத்துல பறவைக்கூண்ட மாட்டிட்டு கீழ உக்காந்து டீ குடிக்கிறார். ஒரு பெரியவர் துடைப்பக்கட்டை நீளத்துக்கு ஒரு பிரஷ் வச்சிருக்கார், நுனியில ஸ்பாஞ்ச், அத பக்கெட் தண்ணியில முக்கி கல்லுத் தரையில எழுத்தா எழுதிக்கிட்டே பின்னாடி பின்னாடி போறார், அவர் நாலாவது வரிக்கு வர்றதுக்குள்ள முதல் வரி காஞ்சு காணாமப் போயிடுது. அதப் பாத்துக்கிட்டே நாப்பது நிமிஷம் போச்சு. அக்கா "கோலம் மாதிரிடி"ன்னா. கோலமாவது சாயங்காலம் வரைக்கும் இருக்கும்.

அங்கேர்ந்து உடைஞ்ச பாலம், அத ஒட்டி ஏரிக்கு நடுவுல போற "பாய் கரை"ங்கிற நடைபாதை, ஒரு கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் வில்லோ மரம், அடுத்து பீச் மரம், மறுபடி வில்லோன்னு மாத்தி மாத்தி நட்டிருக்காங்க. கரை முடியுற இடத்துல குஷான்னு ஒரு குட்டி மலைத்தீவு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி லின் பூங்கிற கவிஞர் அங்க தனியா இருந்தாராம், கல்யாணமே பண்ணிக்கல, பிளம் மரந்தான் பொண்டாட்டி, கொக்கு வகையறாவுல பெரிய நாரைங்கதான் புள்ளைங்கன்னு வாழ்ந்தாராம். அக்கா அந்தக் கதையக் கேட்டுட்டு "நிம்மதியான மனுஷன்"னு சொல்லி பெருமூச்சு விட்டா, மாமா இத படிக்க மாட்டார்ங்கிற தைரியத்துல எழுதுறேன்.

மத்தியானம் சாப்பாடு, ஒரு தூக்கம் (பெஞ்சுலதான், வெக்கமென்ன), அப்புறம் போட், தீவு, அந்தி சாயுற நேரத்துக்கு தெற்குக் கரையில லெய்ஃபெங் கோபுரம். ராத்திரி ஊர்ப் பக்கக் கரையில மியூசிக் ஃபவுண்டன் போடுறாங்க, கூட்டம் நெரியும், எனக்குப் புடிக்கல, புள்ளைங்க கூட போனா அதுங்களுக்குப் புடிக்கும்.

கே: அம்மாவுக்கு 68 வயசு, மூட்டு வலி. கூட்டிட்டுப் போகலாமா? (சேலம் வாசகர்)

ப: தாராளமா. எங்க அக்காவுக்கும் அதே மூட்டுதான். கரை ரோட்டுல பேட்டரி வண்டி ஓடுது, கைய காட்டுனா இடமிருந்தா நிறுத்துறான், ஏறி இறங்கிக்கலாம். பத்தடிக்கு ஒரு பெஞ்சு. கோபுரத்துல வெளிய எஸ்கலேட்டர், உள்ள லிஃப்ட். கக்கூஸ் சுத்தமா நிறைய இருக்கு, ஆனா பல இடத்துல நம்ம இந்தியன் டைப்தான், மூட்டு வலிக்காரங்களுக்கு அதுதான் கஷ்டம், வெஸ்டர்ன் ஒண்ணு எங்கயாவது கடைசி கதவா இருக்கும், தேடுங்க. டிஷ்யூ நீங்கதான் கொண்டு போகணும். குடிக்க வெந்நி எங்க போனாலும் கிடைக்கும், அங்க எல்லாருமே வெந்நிதான் குடிக்கிறாங்க, அம்மாவுக்கு அது ஒண்ணே போதும் சீனாவ புடிச்சுப் போக.

ஒரே எச்சரிக்கை, சூ கரைன்னு இன்னொரு நீளக்கரை இருக்கு, 2.8 கிலோமீட்டர், நடுவுல ஆறு வளைவுப் பாலம், ஒவ்வொண்ணும் ஏறி இறங்கணும். பாக்க மேட்டுத்தெரு மாதிரி சாதாரணமா இருக்கும், நாலாவது பாலத்துல முட்டி பேச ஆரம்பிச்சுடும். அம்மாவ போட்ல அனுப்பிட்டு நீங்க நடங்க.

போட்ல ரெண்டு வகை. பெருசு, பேட்டரில ஓடுறது, நடுத்தீவுக்கு கொண்டு போய் இறக்கும், தீவு டிக்கெட்டும் சேத்து 55 யுவான்லேர்ந்து ஆரம்பம். இன்னொண்ணு துடுப்பு போடுற சின்னப் படகு, ஒரு மணி நேரக் கணக்கு, ஆளுக்கு இல்ல படகுக்கு ரேட்டு, நாலஞ்சு பேர் சேந்தா கட்டுப்படியாகும். தீவுல இறங்கணும்னா பெரிய போட்லதான் போகணும், படகுக்காரர்கிட்ட ஏறுறதுக்கு முன்னாடியே எங்க போவீங்க, எவ்ளோ நேரம்னு போன்ல மொழிபெயர்ப்பு போட்டு காட்டிக் கேட்டுக்கோங்க.

கே: "உடைஞ்ச பாலம்" உடைஞ்சிருக்கா? (தஞ்சாவூரிலிருந்து ஒரு பள்ளி மாணவி)

ப: இல்லடா கண்ணு, முழுசாத்தான் இருக்கு, கார் ஏறுனாலும் தாங்கும். பனி விழுந்து வெயில் அடிக்கிறப்போ பாலத்தோட ஒரு பக்கம் பனி உருகிடும், இன்னொரு பக்கம் வெள்ளையாவே இருக்கும், தூரத்துலேர்ந்து பாத்தா பாதியில ஒடிஞ்ச மாதிரி தெரியும், அதனால அந்தப் பேருன்னு ஒரு விளக்கம். வேற விளக்கமும் சொல்றாங்க, இதுதான் எனக்குப் புடிச்சது.

அந்தப் பாலம் பிரபலமானதே ஒரு பாம்புக் கதையாலதான். வெள்ளைப் பாம்பு ஒண்ணு தவம் பண்ணி பொண்ணா மாறி வருது, மழையில இந்தப் பாலத்துப் பக்கம் ஷூ ஷியென்ங்கிற பையனப் பாக்குது, குடைய குடுத்து வாங்குறதுல காதல், கல்யாணம், ரெண்டு பேரும் சேந்து மருந்துக்கடை வைக்கிறாங்க. ஃபாஹாய்னு ஒரு சாமியாருக்கு இது பொறுக்கல. ஒரு பண்டிகை அன்னிக்கு மருந்து கலந்த மதுவக் குடிச்சதும் அவளோட பாம்பு ரூபம் வெளிய வந்துடுது, புருஷன் பயத்துல செத்தே போறான், அவ போய் மூலிகை கொண்டு வந்து பிழைக்க வைக்கிறா. அப்புறமும் அந்தச் சாமியார் விடாம அவள புடிச்சு லெய்ஃபெங் கோபுரத்துக்கு அடியில அடைச்சுடறார். கோபுரம் என்னிக்கு விழுதோ அன்னிக்குத்தான் விடுதலை.

இப்போ நிஜக்கதைய கேளு. அந்தக் கோபுரம் 10-ஆம் நூற்றாண்டுல கட்டுனது, செங்கல். மிங் ராஜாங்க காலத்துல கொள்ளைக்காரங்க தீ வச்சதுல மரமெல்லாம் எரிஞ்சு செங்கல் மட்டும் நின்னுச்சு. அந்தச் செங்கல்ல ஒரு துண்டு வீட்டுல வச்சா நல்லது நடக்கும், ஆம்பளப் புள்ள பிறக்கும்னு யாரோ கிளப்பி விட, ஜனங்க வந்து வந்து அடியிலேர்ந்து உருவி உருவி எடுத்துட்டுப் போனாங்க, ஒரு நாள் இல்ல ரெண்டு நாள் இல்ல, பல வருஷம். 1924 செப்டம்பர் 25 மத்தியானம் மொத்தமும் சரிஞ்சு விழுந்துடுச்சு. லூ ஷுன்னு பெரிய எழுத்தாளர், அவர் அப்பவே சந்தோஷப்பட்டு ஒரு கட்டுரை எழுதினார், சின்ன வயசுல பாட்டிகிட்ட இந்தக் கதைய கேட்ட நாள்லேர்ந்து இந்தக் கோபுரம் எப்படா விழும்னு காத்துக்கிட்டு இருந்தவராம். ஆக அந்தப் பாம்புப் பொண்ண விடுதலை பண்ணது புள்ளை வரம் கேட்டு வந்த ஜனங்கதான்.

இப்போ நிக்கிறது 2002-ல கட்டுனது. உள்ள போனா கண்ணாடிக்குப் பின்னாடி பழைய செங்கல் குவியல் அப்படியே இருக்கு. பழசப் பாக்குற ஆசையில போறவங்களுக்கு லிஃப்ட் வச்ச கோபுரம் கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருக்கும். ஆனா மேல ஏறி நின்னா ஏரி மொத்தமும் தெரியும், எதிர்க் கரையில பாவ்ஷூ கோபுரம் ஒல்லியா ஊசி மாதிரி நிக்கும். ஒண்ணு வயசான சாமியார், ஒண்ணு அழகான பொண்ணுன்னு ரெண்டு கோபுரத்தையும் பழைய ஆளுங்க ஒப்பிட்டுச் சொல்வாங்க.

கே: உங்க கட்டுரையில "அந்த ஏரியில அழகா இருக்குறதெல்லாம் சேறு"ன்னு ஒரு வரி எழுதிட்டு விளக்காமலே போயிட்டீங்க. நான் ரிட்டயர்டு பொதுப்பணித்துறை ஆள். தூக்கம் வரல, விளக்குங்க. (திருச்சி வாசகர்)

ப: சார், உங்க கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். இடம் பத்தாம எடிட்டர் வெட்டிட்டார், இந்தத் தடவை விடப் போறதில்ல.

சீஹூ ஆதியில ஏரியே இல்ல, ச்சியான்தாங் ஆறு கடல்ல சேர்ற இடத்துல இருந்த ஒரு காயல். ஆத்து மணல் வந்து வாய அடைச்சதும் உள்ள மாட்டுன தண்ணி ஏரியாச்சு. இந்த மாதிரி ஏரிய அப்படியே விட்டா என்னாகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, சேறு சேரும், களை மூடும், ஆள் வந்து நாத்து நடுவான், முடிஞ்சது. ஹாங்சோவுல அத நடக்க விடல, அதுக்குக் காரணம் அழகு இல்ல, குடிதண்ணி. கடலோரம்கிறதால ஊர்க் கிணத்துல உப்பு, 8-ஆம் நூற்றாண்டுல லீ பீங்கிற அதிகாரி ஏரித் தண்ணிய ஊருக்குள்ள கொண்டு வந்து ஆறு கிணறு மாதிரி பண்ணி விட்டார், அதுலேர்ந்து ஏரி செத்தா ஊர் செத்துச்சு.

822-ல பாய் ஜூயி அங்க அதிகாரியா வர்றார். சீனாவோட பெரிய கவிஞர்கள்ல ஒருத்தர் அவர், ஆனா வந்து பண்ணது மடை வேலை. கரைய உசத்துறார், எந்த நேரத்துல எவ்ளோ திறக்கணும், ஒரு அங்குலம் தண்ணி இறக்குனா எவ்ளோ நிலம் பாயும்ங்கிற கணக்கெல்லாம் எழுதி, 824-ல ஊர விட்டுப் போறப்போ கல்லுல வெட்டி ஏரிக்கரையில வச்சுட்டுப் போறார், எனக்கப்புறம் வர்றவன் படிச்சுக்கட்டும்னு. (இன்னிக்கு பாய் கரைன்னு சொல்றது அவர் கட்டுனது இல்லைங்க, அவர் கட்டுனது வேற இடம், எப்பவோ காணாமப் போச்சு. ஊர்க்காரங்க மரியாதைக்கு இந்தக் கரைக்கு அவர் பேர வச்சுட்டாங்க.)

அப்புறம் 1089-ல சூ தோங்போ, இவரும் கவிஞர், இவரும் அதிகாரி. வந்து பாத்தா ஏரியில பாதிக்குக் களை. இப்படியே போனா இருபது வருஷத்துல ஏரியே இருக்காதுன்னு ராஜாவுக்கு மனு போடுறார், சீஹூ இல்லாத ஹாங்சோ கண்ணில்லாத முகம் மாதிரின்னு அதுல எழுதுறார். பணம்? கஜானாவுல பத்தல. சாமியார் ஆகுறதுக்கு அந்தக் காலத்துல அரசாங்க சர்ட்டிஃபிகேட் வேணும், அத வித்தா காசு, அதுல நூறு எனக்குக் குடுங்கன்னு கேட்டு வாங்கி வித்து கூலி குடுத்திருக்கார். ரெண்டு லட்சம் ஆள்-நாள் வேலை. வாரிப் போட்ட சேத்தையும் களையையும் எங்க கொட்டுறது? கரைக்கு வெளிய கொண்டு போனா வண்டிக்கூலி. ஏரிக்குள்ளயே வடக்கு தெற்கா நேரா கொட்டி வழி போட்டுட்டார், சுத்திப் போற ஜனத்துக்கு குறுக்கு வழியும் ஆச்சு. அதுதான் சூ கரை. எங்க அக்கா முட்டி பேசுன அதே 2.8 கிலோமீட்டர்.

இதுக்கு மேலதான் சார் அந்த மனுஷன் மூளை. திரும்ப களை வராம இருக்க கரையோரத் தண்ணிய சிங்காடா மாதிரி ஒரு நீர்க்காய் பயிர் பண்றவங்களுக்கு குத்தகைக்கு விட்டார், ஏன்னா அந்தக் காய் போடணும்னா அவனே களைய புடுங்கியாகணும். குத்தகைப் பணம் அடுத்த தூர் வாருறதுக்கு. ஆனா அவன் அப்படியே நடு ஏரிக்கு வந்துடக்கூடாதுல்ல, அதுக்கு எல்லைக்கல்லா மூணு சின்னக் கல் கோபுரத்த தண்ணிக்குள்ள நட்டார், இதத் தாண்டி நடாதேன்னு. "மூணு குளத்துல நிலாவோட நிழல்"னு சீனா பூரா கொண்டாடுற காட்சி, ஒரு யுவான் நோட்டு பின்னாடி அச்சடிச்சிருக்கிற காட்சி, அதோட பூர்வீகம் சர்வே கல்லு! அவர் நட்டது போயி, இப்போ இருக்குறது 1621-ல வச்சதுங்கிறாங்க. ஒவ்வொண்ணுலயும் அஞ்சு ஓட்டை, பௌர்ணமிப் பண்டிகை அன்னிக்கு உள்ள விளக்கு வச்சு ஓட்டைய மெல்லிசான காகிதத்தால மூடுனா தண்ணியில நிறைய நிலா தெரியும்.

போட்ல இறங்குறோமே நடுத்தீவு, அது 1607-ல தூர் வாரின சேறு, வட்டமா கொட்டி நடுவுல குளம் விட்டிருக்காங்க, ஏரிக்குள்ள தீவு, தீவுக்குள்ள ஏரி. பக்கத்துல சின்னதா இன்னொரு மேடு, 1800-ல ருவான் யுவான்ங்கிற அதிகாரி வாரினது. மேற்கால மூணாவதா ஒரு கரை, அது 1508-ல யாங் மெங்யிங்ங்கிறவர் ஆக்கிரமிப்ப எடுத்துட்டு வாரினது, பணக்காரங்க வயலா மாத்தி வச்சிருந்தத பிடுங்குனதுல அவர் நிறைய எதிரிகளச் சம்பாதிச்சுக்கிட்டார், இத நான் சொல்லணுமா உங்களுக்கு! 1980-கள்லேர்ந்து ச்சியான்தாங் ஆத்துத் தண்ணிய பம்ப் பண்ணி உள்ள விட்டு பழைய தண்ணிய வெளிய தள்ளுறாங்க. ஏரியோட சராசரி ஆழமே ரெண்டேகால் மீட்டர் சுமார்தான். 2011-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல சேத்தப்பவும் மனுஷன் கை வச்ச நிலக்காட்சின்னுதான் சேத்தாங்க.

ஒரு அதிகாரி வேலைய விட்டுப் போய் ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழிச்சும் அவர் பேர்ல கரையும் கறியும் இருக்குன்னா பாருங்க. ஆமா, கறியும். அடுத்த கேள்விக்கு வர்றேன்.

கே: நாங்க சுத்த சைவம். பட்டினிதானா? (மயிலாப்பூர் வாசகி)

ப: பட்டினி இல்ல, ஆனா உஷார். அந்த ஊர் பேர்போன அயிட்டமே தோங்போ கறின்னு பன்னிக்கறிதான், தூர் வார வந்த ஆளுங்களுக்கு அவர் சமைச்சுப் போட்டாராம்னு கதை. அடுத்தது வினிகர் மீன். அக்கா அசைவம், ஆசையா வாங்கினா, ஏரியோரத்து ஒரு ஓட்டல்ல, இனிப்பும் புளிப்புமா மேல ஒரு சாஸ், உள்ள மீன்ல சேத்து வாடை, ரெண்டு வாய்க்கு மேல போகல. சீனாக்காரங்களே இந்த மீன நெட்ல போட்டு கிண்டல் பண்றாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

உங்களுக்கு: தாமரைக்கிழங்கு ஓட்டையில பசையரிசி அடைச்சு வேகவச்சு பாகு ஊத்தித் தர்றது, பிரமாதம். தாமரைக்கிழங்கு மாவுக் கூழ், நம்ம ஆரோரூட் கஞ்சி மாதிரியே கண்ணாடியா இருக்கும், மேல பருப்பு விதையெல்லாம் தூவித் தருவாங்க. ரோஸ் கலர்ல அரிசிமாவுல ஒரு புட்டு மாதிரி கேக், உள்ள இனிப்பு பயறு பூரணம். டோஃபு தோல்ல பண்ற "சைவ வாத்து"ன்னு ஒண்ணு, பேரக் கேட்டு பயப்படாதீங்க. ஆனா மாப்போ டோஃபுல கொத்துக்கறி போடுவாங்க, டோஃபு தோல மொறுமொறுன்னு பொரிச்சுத் தர்ற ஹாங்சோ அயிட்டம் ஒண்ணுலயும் உள்ள கறி இருக்கும். "வோ ச்சிர் சூ"ன்னா நான் சைவம். என் உச்சரிப்புக்கு எல்லாரும் சிரிச்சாங்களே தவிர புரிஞ்சுக்கல, அதனால போன்ல சீன எழுத்துல "கறி, மீன், முட்டை, கறி எண்ணெய், எலும்பு சூப் எதுவும் வேண்டாம்"னு முழுசா எழுதி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. மலைப் பக்கம் லிங்யின் கோயில்ல சைவ நூடுல்ஸ் கிடைக்கும், அங்க பயமே வேண்டாம்.

கே: லோங்ஜிங் டீன்னா என்ன? பால் ஊத்திக் குடிக்கலாமா? (நாமக்கல் வாசகர்)

ப: ஐயா, ஊத்தாதீங்க! ஏரிக்கு மேற்குல மலைச் சரிவு பூரா அந்தத் தோட்டம்தான். கிரீன் டீ, ஆனா டீ பேக்ல வர்ற கசப்பு இல்ல. பறிச்ச கொழுந்த சூடான இரும்புச் சட்டியில வெறுங்கையால அமுக்கி அமுக்கி வறுக்குறாங்க, அதனால இலை தட்டையா வரும், வாசனை லேசா வறுத்த பயறு மாதிரி. ஏப்ரல் 5 வாக்குல வர்ற ச்சிங்மிங் நாளுக்கு முன்னாடி பறிச்சதுக்கு விலை எகிறும், அப்புறம் பறிச்சதுக்கு இறங்கும். கண்ணாடி டம்ளர்ல இலைய அப்படியே போட்டு, கொதிக்கிற தண்ணி இல்லாம கொஞ்சம் ஆறுனது, ஒரு 80, 85 டிகிரி, ஊத்துவாங்க. வடிகட்டுறது கிடையாது, இலை கீழ போய் நிக்கிற வரைக்கும் ஊதி ஊதிக் குடிக்கணும். தண்ணி தீர்ந்தா மறுபடி ஊத்துவாங்க. ஒரு டம்ளர வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தாலும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்க, எங்கள சொல்லல.

வாங்கிட்டு வர ஆசைப்பட்டா, வழியில சிரிச்சுக்கிட்டே கூப்பிட்டு "எங்க வீட்டுத் தோட்டம்"னு சொல்றவங்ககிட்ட வாங்காதீங்க. நான் வாங்கி ஏமாந்தேன், ரேட்டு இங்க சொல்ல மாட்டேன், வீட்டுல இந்தப் பத்திரிகை வாங்குறாங்க.

கே: எந்த மாசம் நல்லது? (வேலூர் வாசகி)

ப: மார்ச் கடைசி, ஏப்ரல் ஆரம்பம், பீச் பூக்கும். இல்லன்னா அக்டோபர் பாதிக்கு மேல, நவம்பர். தாமரை பாக்கணும்னா ஜூலை, ஆனா வெயில் நம்ம மே மாசத்துக்குச் சளைச்சதில்ல, ஜூன்ல விடாம மழை. நாங்க செப்டம்பர் முதல் வாரம் போனோம், வேர்த்துக் கொட்டுச்சு. அக்டோபர் 1-லேர்ந்து 7 வரைக்கும், மே 1 ஒட்டி வர்ற லீவுலயும் தலைகீழா நின்னாலும் போகாதீங்க, பாலத்து மேல பாலமே தெரியாது, தலைதான் தெரியும்.

மழை வந்தா மனசு விட்டுடாதீங்க. வெயில்ல அழகு, மழையிலயும் அழகு, ஷீ ஷிங்கிற பேரழகி லேசா மேக்கப் போட்டாலும் சரி, அப்பிக்கிட்டாலும் சரி எப்படி நல்லா இருப்பாளோ அது மாதிரின்னு நம்ம தூர் வாரின சூ தோங்போவே பாடி வச்சிருக்கார்.

கே: ஏரியில குளிக்கலாமா? (பேர் போடாத வாசகர்)

ப: கூடாது.

கே: விசா, பணம், போன் இதுல என்னென்ன சிக்கல்? (பினாங்கு வாசகர்)

ப: உங்களுக்கு மலேசிய பாஸ்போர்ட்னா 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம், சிங்கப்பூருக்கும் அப்படித்தான். இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுத்தாகணும். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க, இதெல்லாம் மாறும். ஷாங்காய் ஹோங்ச்சியாவ் ஸ்டேஷன்லேர்ந்து ஹாங்சோ கிழக்கு ஸ்டேஷன், பாஸ்போர்ட்தான் டிக்கெட், அங்கேர்ந்து மெட்ரோ 1-ஆம் லைன்ல லோங்ஷியாங்ச்சியாவ்ல இறங்குனா பத்து நிமிஷ நடையில ஏரி. சுத்திப் பாக்க காசு கிடையாது, 2002-லேர்ந்து கரைப் பூங்காவெல்லாம் இலவசம், வேலிய எடுத்துட்டாங்க. தீவு, கோபுரம் மாதிரி இடத்துக்கு மட்டும் டிக்கெட்.

கூகுள் ஓடாது, வாட்ஸ்அப் ஓடாது, ரோமிங் சிம் போட்டா ஓடும். பணத்துக்கு அலிபே டவுன்லோட் பண்ணி இங்கேயே கார்ட சேத்துட்டுப் போங்க, அந்தக் கம்பெனி பொறந்த ஊரே ஹாங்சோதான், இளநி விக்கிறவன்கூட ஸ்கேன் அட்டைதான் நீட்டுவான். இதுல நான் பட்ட கஷ்டம் ஒண்ணு இருக்கு. மத்தியானம் போட்டோ எடுத்து எடுத்து போன் செத்துப் போச்சு. மூலைக்கு மூலை பவர் பேங்க் வாடகைக்கு விடுற மெஷின் வச்சிருக்கான், ரொம்ப நல்ல விஷயம், ஆனா அத எடுக்கணும்னா போன்ல ஸ்கேன் பண்ணணும்! அக்கா போன்ல அலிபே இல்ல. தண்ணி பாட்டில்கூட வாங்க முடியாம ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்திருந்தோம். நல்லவேளை பர்ஸ்ல ஒரு 20 யுவான் நோட்டு, சொந்தக்காரப் பொண்ணு "எதுக்கும் இருக்கட்டும் சித்தி"ன்னு திணிச்சது. அதனால ஒரு இருநூறு யுவானாவது சில்லறையா கையில வச்சுக்கோங்க. பவர் பேங்க் இங்கேர்ந்து கொண்டு போறதா இருந்தா, அங்க உள்நாட்டு ஃப்ளைட்ல 3சிங்கிற சீனப் பாதுகாப்பு முத்திரை இல்லாத பவர் பேங்க 2025 ஜூன் கடைசிலேர்ந்து விட மாட்டேங்குறாங்க, ட்ரெயின்ல போறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல.

கே: அந்தப் பக்கம் நம்ம நாட்டுத் தொடர்பு ஏதாவது உண்டா? தமிழ்? (காரைக்குடி வாசகர்)

ப: லிங்யின் கோயிலயே ஆரம்பிச்சது ஒரு இந்தியத் துறவிதான், சீனப் பேர் ஹுய்லி, வருஷம் 328-னு சொல்றாங்க. கோயிலுக்கு எதிர்ல ஒரு சுண்ணாம்புப் பாறைக் குன்று, சுத்தி இருக்குற மலை எதுலயும் சேராம தனி ஜாதியா இருக்கும். அவர் அதப் பாத்துட்டு "இது எங்க நாட்டு மலையாச்சே, இது எப்போ இங்க பறந்து வந்துச்சு?"ன்னாராம். யாரும் நம்பல. "இதுக்குள்ள ஒரு குரங்கு இருக்கும், அதுவும் கூடவே வந்திருக்கும்"னு குகை வாசல்ல நின்னு கூப்பிட்டாராம், குரங்கு வந்துச்சாம். குன்றுக்குப் பேரே "பறந்து வந்த மலை", குகைக்குப் பேர் குரங்கு கூப்பிட்ட குகை. பாறை பூரா முந்நூத்துக்கு மேல புத்தர் சிலை, 10-லேர்ந்து 14-ஆம் நூற்றாண்டு வரைக்கும் செதுக்கினது. ஊர விட்டு தூரமா வந்தவனுக்கு எந்தப் பாறையப் பாத்தாலும் சொந்த ஊர்ப் பாறையாத்தான் தெரியும், பாவம் அந்தத் துறவிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்னு எனக்குத் தோணுச்சு.

தமிழ் வேணும்னா ஹாங்சோ இல்ல, தெற்கால ஃபூஜியான் மாகாணத்துல ச்சுவான்சோவுக்குப் போகணும். அங்க 1281 சித்திரையில வெட்டுன தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு, சிவன் கோயிலுக்கு, குப்ளாய் கான் காலம். காரைக்குடிக்காரங்க அதத்தான் முதல்ல பாக்கணும். நான் இன்னும் போகல, போனா எழுதுறேன்.

கே: ஞாபகமா என்ன வாங்கிட்டு வந்தீங்க? (விருதுநகர் வாசகி)

ப: பட்டு விசிறி, எண்ணெய்க் காகிதக் குடைன்னு கடை நிறைய. எதுவும் வாங்கல, டீல ஏமாந்த கோபம். போன் செத்து உக்காந்திருந்தோம்னு சொன்னேன்ல, அப்போ ஒரு பாட்டி கூடையில பச்சைத் தாமரைக் காய் கொண்டு வந்தா, உள்ள விதைய உரிச்சு பச்சையா திங்கறது, நுங்குக்கும் பச்சை வேர்க்கடலைக்கும் நடுவுல ஒரு ருசி. அந்த 20 யுவான நீட்டுனோம். பாட்டி இடுப்புல கட்டியிருந்த பையில துழாவி துழாவி மீதிய எல்லாம் ஒரு யுவான் நோட்டா எண்ணி வச்சா. அக்கா ஒண்ண திருப்பிப் பாத்தா, மூணு கல்லு. தலைய தூக்கி ஏரியப் பாத்தா, அதே மூணு கல்லு. நோட்ட கண்ணுக்கு நேரா புடிச்சு மலை கோடு ஒட்டுதா, தண்ணி கோடு ஒட்டுதான்னு ஒரு கண்ண மூடிக்கிட்டு சரி பாக்குறா, பாட்டி பக்கத்துல நின்னு இன்னும் கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம் கீழன்னு கையாலேயே சொல்றா. அந்த நோட்டு இப்போ அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல இருக்கு.